கெட்டுப்போன மருந்தின் கணக்கு

குழல்வாயினால் மருந்தையும் இரவையையும் இடித்து நிரப்பிச் சுடுகின்ற இடியன் துவக்கு, நம் நாட்டின் வன்னிக் கிராமங்களிலே சேனைக்காவலுக்கு நீண்ட காலம் பயன்பட்டு வந்த ஒன்றாகும். காவற்பரணில் இரவெல்லாம் விழித்திருந்த உழவன், பன்றிக் கூட்டம் பயிருக்குள் இறங்கிய வேளையில் விசையை இழுப்பான். கேப்பு மட்டும் வெடிக்கும். உள்ளே கிடக்கும் மருந்து பற்றாது. அல்லது சற்றுத் தாமதித்துப் புகைந்து, இரவையை வலுவின்றி உமிழ்ந்துவிட்டு அடங்கிப் போகும். மருந்து நமுத்துவிட்டது என்று அவன் நொந்துகொள்வான். விடிந்ததும் அதனை வெயிலில் உலர்த்திப் பார்ப்பான். உலர்ந்த பின்னரும் அது பழைய வேகத்தைப் பெறுவதில்லை.

ஓர் ஏழை உழவனின் பரணில் நிகழ்ந்த இந்தச் சிறிய ஏமாற்றம், ஒரு காலத்தில் பேரரசுகளின் பெருங்கவலையாக இருந்தது. கடல் கடந்து சென்ற கப்பல்களிலும், கோட்டைகளின் நிலவறைகளிலும் ஆயிரக்கணக்கான பீப்பாய்களில் மருந்து கெட்டுக் கிடந்தது. அதனை என்ன செய்வது என்பது அரசாங்கங்களின் கேள்வியாயிற்று. அந்தக் கேள்விக்கு அவை கண்ட விடைகளை ஆராயப் புகுந்தால், நாம் வெறுமனே ஒரு தொழில்நுட்பத்தின் வரலாற்றை மட்டும் காண்பதில்லை. மருந்தை ஆக்கியவர் யார், அதனாற் பயன் பெற்றவர் யார், கணக்கில் எழுதப்பட்டது எது, எழுதப்படாமற் போனது எது என்பனவும் நம் கண்முன்னே தெரிய வருகின்றன.

நனைந்த மருந்தின் கதையைப் பேசும்போது வரலாற்று நூல்கள் தவறாது சுட்டும் இடம் ஒன்று உண்டு. வங்காளத்திலே பாகீரதி ஆற்றங்கரையில் உள்ள பிளாசி என்னும் ஊர்தான் அது. 1757 ஆம் ஆண்டு யூன் மாதம் 23 ஆம் நாள், நவாப் சிராஜ் உத்தௌலாவின் பெரும் படைக்கு எதிரே, கிளைவின் தலைமையில் சுமார் 3000 பேர் கொண்ட கம்பெனிப் படை ஒரு மாந்தோப்பில் ஒதுங்கி நின்றது. நண்பகல் வேளையில் பெருமழை பொழிந்தது. கம்பெனியார் தம் மருந்தைத் தார் பூசிய சீலைகளால் மூடிக் காத்துக்கொண்டனர். நவாபின் பீரங்கிகளுக்குரிய மருந்தோ மூடப்படாது நனைந்தது. எதிரியின் மருந்தும் நனைந்திருக்கும் என்று எண்ணி முன்னேறிய தளபதி மீர் மதன், கம்பெனியின் பீரங்கிச் சூட்டுக்கு இரையானான்.

அன்றைய தோல்விக்கு மழையே காரணம் என்று கூறிவிடுவது பிழையாகும். மீர் ஜாபர் முதலியோர் முன்னரே விலைபோயிருந்தனர். படையின் பெரும்பகுதி போரிடாமலே நின்றது. ஆயினும் இங்கு நோக்கற்பாலது வேறொன்று. பிளாசி வெற்றியின் மறு ஆண்டிலேயே, அதாவது 1758 இல், பீகாரின் வெடியுப்பைக் கொள்முதல் செய்யும் ஏகபோக உரிமையைக் கம்பெனி மீர் ஜாபரிடமிருந்து பெற்றுக்கொண்டது. மருந்து நனைந்து தோற்ற நாட்டிலிருந்தே, உலகின் சிறந்த மருந்துக்கு வேண்டிய மூலப்பொருள் முழுவதும் வென்றவன் கைக்குப் போயிற்று. வரிப்பணத்தையும் நவாபின் கருவூலத்தையும் பற்றி நிறையப் பேசும் நூல்கள், இந்த வெள்ளை உப்பைப் பற்றி ஓரிரு வரிகளோடு அமைந்துவிடுகின்றன.

மருந்து ஏன் கெடுகிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம். கருமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் என்னும் மூன்றின் கலவை. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் கைக்கொண்ட அளவின்படி நூறு பங்கில் வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10. எரிவது கரியும் கந்தகமும். அவை எரிவதற்கு வேண்டிய ஒட்சிசனை வழங்குவது வெடியுப்பு. வெளிக்காற்று எட்டாத குழலுக்குள்ளே மருந்து கணத்தில் எரிந்து தீருவது இதனால்தான்.

இம்மூன்று பொருள்களும் இரசாயன முறையில் ஒன்றாகிவிடுவதில்லை. மிக நெருங்கிக் கலந்து நிற்கின்றன, அவ்வளவே. அந்த நெருக்கமே மருந்தின் உயிர். மணிக்கணக்கில் ஆலைக் கற்களின் கீழ் அரைப்பதும், ஈரமாக்கி அழுத்திப் பாளமாக்குவதும், பின்னர் அதனை உடைத்து மணிமணியாகச் சலித்தெடுப்பதும் அந்த நெருக்கத்தை உண்டாக்கி நிலைநிறுத்துவதற்காகவே. மணியாக்கும் வழக்கம் வருமுன், வெறும் தூளாக இருந்த மருந்து வண்டியிற் குலுங்கும்போதே பாரமானவை கீழும் இலேசானவை மேலுமாகப் பிரிந்துவிடும். போர்க்களத்துக்குப் போய்ச் சேர்ந்த பின்னர் மீண்டும் கலக்க வேண்டியிருந்தது.

இந்நெருக்கத்தின் பகை நீர். கரியும் கந்தகமும் நீரிற் கரைவதில்லை, வெடியுப்போ கரையும். தூய வெடியுப்பு காற்றின் ஈரத்தை எளிதில் உறிஞ்சுவதில்லை. ஆனால் நன்றாகச் சுத்திசெய்யப்படாத உப்பில் கறியுப்பும், சுண்ணாம்பு, மக்னீசியம் என்பவற்றின் நைத்திரேற்றுகளும் ஒட்டியிருக்கும். அவை ஈரத்தை வலிந்து இழுப்பவை. கரியும் தன் நுண்துளைகளில் ஈரத்தைச் சேர்த்து வைக்கும். ஈரம் சற்றே ஏறியிருந்தால் உலர்த்தி மீட்கலாம். அளவு கடந்துவிட்டாலோ வெடியுப்பு கரைந்து, மணியின் உள்ளிருந்து மேற்பரப்புக்கு வந்து, உலரும்போது வெண்பொடியாகப் பூத்து நிற்கும். மணிகள் ஒட்டிக் கட்டிபடும். பின்னர் எத்தனை நாள் வெயிலில் வைத்தாலும் ஈரம் போகுமேயன்றி, பிரிந்துபோன உப்பு கரியின் துளைக்குள் திரும்பிப் போகாது. வன்னி உழவனின் மருந்து உலர்ந்த பின்னும் பற்றாமைக்குக் காரணம் இதுவே. பொருள் ஒன்றும் குறையவில்லை, சேர்க்கைதான் குலைந்துவிட்டது.

ஆகவே முதுமையால் மருந்து சாவதில்லை என்பது தெளிவு. நல்ல உப்பால் ஆக்கப்பட்டு, ஈரம் புகாது பேணப்பட்ட மருந்து பல பத்தாண்டுகளின் பின்னும் தொழிற்பட வல்லது. ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டின் கப்பல்களில் ஈரம் புகாத இடம் ஏது? நீர்மட்டத்துக்குக் கீழே அமைந்த மருந்தறையில் மரப் பீப்பாய்கள் மாதக்கணக்கில் அடுக்கிக் கிடந்தன. மணிகள் கட்டிபடாதிருக்கவும் ஒருபுறமே ஈரம் தங்காதிருக்கவும் பீப்பாய்களைக் காலத்துக்குக் காலம் புரட்டி வைக்கும்படி கட்டளை இருந்தது. இருந்தும், நீண்ட பயணத்தின் பின் துறைமுகம் திரும்பிய கப்பல்களின் மருந்து பலமுறை பயனற்றதாயிருந்தது.

மருந்தின் தரத்தை அறியப் பல சோதனைகள் வழக்கில் இருந்தன. வெள்ளைத் தாளின் மீது ஒரு சிட்டிகை வைத்துக் கொளுத்துவது எளிய சோதனை. நல்ல மருந்து ஒரே கணத்தில் மேலெழுந்து எரியும், தாள் கருகாது. கெட்டதோ மெல்லச் சீறி, தாளைத் துளைத்து, வெண்மணிகளையும் கரும்புள்ளிகளையும் விட்டுச் செல்லும். பிரான்சிலே 1686 ஆம் ஆண்டு முதல், குறித்த அளவு மருந்தைச் சிறு குண்டெறி பீரங்கியில் இட்டு, அது குண்டை எவ்வளவு தூரம் எறிகிறது என்று அளந்து பார்த்தனர். இங்கிலாந்தின் பெஞ்சமின் ரொபின்ஸ் என்னும் கணித அறிஞர் 1742 இல் வெளியிட்ட நூலிலே, தொங்கவிடப்பட்ட கனத்த ஊசலின் மீது குண்டைச் செலுத்தி அதன் வேகத்தை அளக்கும் முறையை விளக்கினார். அவரைக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் கோட்டைகளைச் சீரமைக்க அனுப்பியது. 1751 இல், கடலூருக்கு அருகிலுள்ள தேவனாம்பட்டினத்துச் சென் டேவிட் கோட்டையில் அவர் காலமானார். மருந்தின் வலுவை அளந்த விஞ்ஞானமும் எந்தத் திசையை நோக்கிப் பயணம் செய்தது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

அமெரிக்கக் குடியேற்றங்கள் விடுதலை கோரிப் போரிட்ட காலத்தில், ஆங்கிலக் கடற்படையினர் தம் மருந்தின் இழிந்த தரத்தைப் பற்றிக் கடுமையாக முறையிட்டனர். மருந்தைப் பெரும்பாலும் தனியார் ஆலைகளே ஒப்பந்தத்தில் ஆக்கிக் கொடுத்தன. ஃபேவர்ஷாம் என்னும் ஊரின் ஆலையை அரசு 1759 இல் வாங்கியிருந்தும், 1780 களில் அதனை விற்றுவிட அமைச்சர் பிட் எண்ணினார். அதனைத் தடுத்தவர் வூல்விச்சிலிருந்த படைத்துறை ஆய்வுகூடத்தின் அதிகாரியான வில்லியம் கொங்கிறீவ். பின்னாளில் ஏவுகணைகளாற் பெயர் பெற்ற கொங்கிறீவின் தந்தையார் இவர். அரசே மருந்தை ஆக்கினால் தரம் உயரும், செலவும் குறையும் என்று இவர் வாதிட்டார். 1787 இல் வால்தம் அபே ஆலையும் 10,000 பவுணுக்கு வாங்கப்பட்டது.

இவர் செய்த பணிகளில், கெட்டுப்போன மருந்தை ஒழுங்காகக் கையாண்டமை முக்கியமானது. கப்பல்களிலிருந்தும் கோட்டைகளிலிருந்தும் திரும்பிய பீப்பாய்கள் சோதித்து வகைப்படுத்தப்பட்டன. நலம் குன்றாதவை மீண்டும் களஞ்சியத்துக்குப் போயின. இலேசாக ஈரம் ஏறியவை தூசி சலிக்கப்பட்டு, சூடேற்றிய அறைகளில் உலர்த்தப்பட்டன; அவ்வாறு மீட்கப்பட்டது புதுமருந்தன்று என்பதை உணர்த்தும் குறி பீப்பாயில் இடப்பட்டது. முற்றிலும் கெட்டவையோ மருந்து என்ற நிலையையே இழந்து, மூலப்பொருளாகக் கருதப்பட்டன. அவற்றை நீரிற் காய்ச்சி வடிப்பர். வெடியுப்பு நீரோடு போகும்; கரியும் கந்தகமும் சேறாகத் தங்கும். வடித்த நீரை ஆறவிட்டால் வெடியுப்பு பளிங்காக உறையும்.

இதில் அடங்கிய விஞ்ஞானம் எளியது. நூறு பங்கு நீர், உறைநிலைக் குளிரில் சுமார் 13 பங்கு வெடியுப்பையே கரைக்கும். கொதிநிலையில் 240 பங்குக்கும் அதிகமாகக் கரைக்கும். கறியுப்போ குளிரில் 36, கொதிப்பில் 39 என்ற அளவில் ஏறக்குறைய மாறாமலே நிற்கும். ஆகவே சூடான கரைசல் ஆறும்போது வெடியுப்பு பெருமளவில் வெளியேறிப் படிய, கறியுப்பு நீரிலேயே தங்கிவிடும். எந்த நீர் மருந்தைக் கெடுத்ததோ அந்த நீரே உப்பை மீட்டுத் தந்தது. அதுமட்டுமன்று, முன்னிலும் தூயதாக மீட்டுத் தந்தது. பழைய மருந்திலிருந்து எடுத்த உப்பு புது மருந்துக்குப் பயன்பட்டது. களஞ்சியத்துள் வந்த வெடியுப்பில் ஓர் இறாத்தல்கூட வீண்போகாதபடி கணக்கு வைக்கப்பட்டது.

அந்தக் கணக்கின் விலையையும் சொல்லவேண்டும். மருந்தாலை என்பது எந்நேரமும் சாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உழைக்கும் இடம். இரும்பு ஆணியுள்ள பாதணியோடு உள்ளே செல்லலாகாது. ஒரு மணல் துணிக்கை உராய்ந்தாற் போதும். 1801 ஏப்பிரலில் வால்தம் அபேயில் மணியாக்கும் கட்டடம் வெடித்து ஒன்பது தொழிலாளரும் நான்கு குதிரைகளும் மாண்டனர். ஒரு தொழிற்சாலை விபத்து என்ற அளவில் அது பதிவாயிற்று. போர்க்களத்தில் வீழ்ந்தோருக்கு நினைவுத்தூண் எழுப்பிய தேசம், மருந்தாலையில் வீழ்ந்தோரை அவ்வாறு கொண்டாடியதில்லை.

இனி, இவ்வளவு சிக்கனமாக மீட்கப்பட்ட அந்த உப்பு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

வெடியுப்பு, கால்நடைகளின் கழிவும் மனிதக் கழிவும் ஊறிய மண்ணில் நுண்ணுயிர்களின் செயலால் உண்டாவது. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை இங்கிலாந்து தன் உப்பின் ஒரு பகுதியைத் தன் மக்களின் வீட்டுத் தரைகளிலிருந்தே எடுத்தது. அரச ஆணை பெற்ற வெடியுப்பு அகழ்வோர் தொழுவங்களிலும் புறாக்கூடுகளிலும் குடியிருப்புகளிலும் புகுந்து தரையைத் தோண்டினர். தாம் எடுத்த மண்ணை ஏற்றிச் செல்ல ஊரவரின் வண்டிகளையே பிடித்தனர். மக்கள் வெறுத்தனர், முறையிட்டனர். மன்னனின் அத்துமீறல்களை எதிர்த்து எழுந்த குரல்களில் இம்முறைப்பாடும் ஒன்று. இறுதியில் 1656 இல், வீட்டுக்காரரின் சம்மதமின்றி எவரும் அகழலாகாது என்று பாராளுமன்றம் சட்டம் இயற்றியது.

குடிமக்களின் உரிமைக்குக் கிடைத்த வெற்றி என்று இதனைப் போற்றலாம். ஆனால் இங்கிலாந்துக்கு மருந்து வேண்டாமற் போய்விடவில்லை. அதே காலத்தில் கம்பெனிக் கப்பல்கள் இந்திய வெடியுப்பைப் பெருமளவில் ஏற்றிவரத் தொடங்கியிருந்தன. துணியையும் பட்டையும் ஏற்றும் கப்பலுக்கு அடிப்பாரமாகவும் அது பயன்பட்டது. 1693 ஆம் ஆண்டுப் பட்டயத்தின்படி, ஆண்டுதோறும் 500 தொன் வெடியுப்பை அரசுக்கு வழங்கவேண்டும் என்பது கம்பெனியின் கடமையாயிற்று. இங்கிலாந்தின் வீட்டுத் தரைகள் பிழைத்தன. பீகாரின் வீட்டுத் தரைகள் அகழப்பட்டன. ஒரு நாட்டு மக்களின் உரிமை இன்னொரு நாட்டு மக்களின் உழைப்பின் மீது நிற்கும் காட்சியை ஏகாதிபத்தியத்தின் வரலாற்றில் நாம் பலமுறை காண்கிறோம். இது அதன் தொடக்க காலக் காட்சிகளுள் ஒன்று.

பீகாரிலே சாரண், சம்பாரண், திர்குத் ஆகிய பகுதிகளில் இத்தொழிலைச் செய்தவர்கள் நுனியா என்னும் சாதியினர். உப்பைக் குறிக்கும் சொல்லே அவர்களின் பெயராயிற்று. மாரி ஓய்ந்து மண் உலரத் தொடங்கியதும், ஊர்க்குடிசைகளின் சுவரடியிலும் தொழுவத்தின் ஓரங்களிலும் மண்ணின் மேல் வெண்படலம் பூக்கும். நுனியாக்கள் அதனைச் சுரண்டிக் கூடையிற் சேர்ப்பர். மூங்கிலும் வைக்கோலும் பரப்பிய மண்தொட்டியில் அந்த மண்ணை இட்டு மிதித்து, மேலே நீர் ஊற்றி, அடியில் வடியும் உப்புநீரைப் பானைகளிற் பிடிப்பர். காய்ந்த இலைகளை எரித்து அதனைக் காய்ச்சி ஆறவிட்டால் பழுப்பு நிறப் பளிங்கு உறையும். மீண்டும் கரைத்து, மீண்டும் உறையவிட்டுத் தூய்மை செய்தனர். இங்கிலாந்தின் ஆலையில் கெட்ட மருந்திலிருந்து உப்பை மீட்ட முறைக்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை. இரண்டும் ஒரே விஞ்ஞானம். ஒன்று பதவியும் புகழும் தந்தது. மற்றொன்று தாழ்ந்த சாதியின் குலத்தொழில் எனப்பட்டது.

நுனியாவுக்குக் கிடைத்தது என்ன? பருவத் தொடக்கத்தில் இடைத்தரகன் வழியாக முன்பணம் தரப்படும். அதனை வாங்கியவன் தன் உப்பை வேறெவருக்கும் விற்க முடியாது. மண் பூக்காத ஆண்டிலும், எதிர்பாராத மழை பூத்த மண்ணைக் கழுவிச் சென்ற ஆண்டிலும் கடன் அடுத்த ஆண்டுக்கு ஏறும். முன்னர் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் நாட்டு வணிகரும் போட்டியிட்டு வாங்கிய காலத்தில், விலை பேசச் சிறிதேனும் இடமிருந்தது. 1758 இன் பின் வாங்குபவன் ஒருவனே ஆனான். விலையும் அவன் சொன்னதே. உப்பு நனைந்தால் நட்டம் நுனியாவுக்கு. மருந்து நனைந்தால் உப்பை மீட்டெடுத்து இலாபம் காண்பவன் வேறொருவன். மழை இருவருக்கும் ஒன்றாகத்தான் பெய்தது. அதன் விலை ஒன்றாயிருக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இன்னொரு கட்டும் சேர்ந்தது. வெடியுப்பைச் சுத்திசெய்யும்போது கறியுப்பும் உடன் கிடைக்கும் என்பதை மேலே கண்டோம். உப்பு வரியைத் தன் பெருவருவாய்களில் ஒன்றாகக் கொண்ட ஆங்கில ஆட்சி இதனை வாளா விடவில்லை. வெடியுப்புத் தொழிலுக்கு உப்புத்துறையின் அனுமதிச்சீட்டு வேண்டியதாயிற்று. தன் பானையின் அடியில் தங்கிய உப்பைத் தன் கஞ்சிக்குப் போட்டுக்கொள்வதும் நுனியாவுக்குக் குற்றமாகக் கூடிய நிலை வந்தது.

இத்தொழில் நமக்கும் அந்நியமானதன்று. கண்டி இராச்சியம் தனக்கு வேண்டிய மருந்தைத் தானே ஆக்கிக்கொண்டது. அதற்குரிய வெடியுப்பு, வௌவால் எச்சம் படிந்த மலைக்குகைகளிலிருந்து கிடைத்தது. 1816 முதல் 1820 வரை இலங்கையிலிருந்த படை மருத்துவர் ஜோன் டேவி, 1821 இல் வெளியிட்ட தம் நூலிலே, தும்பறைப் பகுதியின் மீமுரே ஊரை அடுத்த குகையொன்றை விவரித்துள்ளார். தொழிலாளர் பாறையைச் செதுக்கிப் பொடியாக்கி, சாம்பலோடு கலந்து நீர் வடித்து, காய்ச்சி உறையவைத்தனர். சாம்பலிலுள்ள பொட்டாசியம், சுண்ணாம்பு உப்பைப் பொட்டாசிய உப்பாக மாற்றும்; ஈரத்தை இழுக்கும் பகுதி அவ்வழியே நீங்கும். கோட்பாட்டை ஏட்டில் எழுதி வைக்காத அம்மலைவாசிகள், மருந்து நமுக்காதிருக்கச் செய்யவேண்டியதை அனுபவத்தால் அறிந்திருந்தனர். இவர்களும் சுதந்திரமாக உழைத்தவர்களல்லர். ஆண்டுதோறும் குறித்த அளவு உப்பை அரச பண்டசாலைக்குச் செலுத்தவேண்டும் என்பது விதி. 1815 இல் கண்டி வீழ்ந்த பின், அவர்களின் உப்பைக் கேட்க அரசன் இல்லை. நாளடைவில் தொழிலும் மறைந்தது. நக்கிள்ஸ் மலைத்தொடரில் அக்குகை ஆங்கிலேயர் இட்ட பெயரோடு இன்றும் உள்ளது. பாறையைச் செதுக்கியவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை.

கெட்ட மருந்தை உலர்த்துவதும் உப்பாக்குவதும் போக, அதற்கு மூன்றாவதொரு வழியும் இருந்தது. தரம் கேட்டுத் திருப்பியனுப்ப முடியாதவனிடம் இழிந்த மருந்தை விற்றுவிடுவது! ஐரோப்பிய வணிகர் ஆபிரிக்கக் கரைக்குக் கொண்டுசென்று அடிமைகளுக்கு மாற்றாகக் கொடுத்த பண்டங்களில் துவக்கும் மருந்தும் முக்கியமானவை. பிரான்சிலே அவ்வணிகத்துக்கென்று தாழ்ந்த தரத்தில் ஒரு மருந்து வகையே இருந்தது. 'வியாபார மருந்து' என்று பொருள்படும் பெயரால் அது வழங்கியது.

இம்மருந்து ஒரு பெரும் விஞ்ஞானியின் உயிரையே பறித்திருக்கக் கூடிய நிகழ்ச்சியும் உண்டு. நவீன இரசாயனத்தின் தந்தை எனப்படும் இலவோசியர், 1775 இல் அமைக்கப்பட்ட பிரெஞ்சு அரசின் மருந்து நிருவாகத்தில் நால்வரில் ஒருவராகப் பணியாற்றினார். அவரது முயற்சியால் பிரெஞ்சு மருந்தின் தரம் பெரிதும் உயர்ந்தது. 1789 ஓகஸ்டில், பஸ்தில் சிறை வீழ்ந்து மூன்று வாரங்களே ஆகியிருந்த வேளையில், பாரிஸ் ஆயுதசாலையிலிருந்து இவ்வியாபார மருந்தை வெளியேற்றி, அதற்கு ஈடாகத் துவக்குக்குரிய நல்ல மருந்தைத் தருவிக்க ஏற்பாடாயிற்று. பீப்பாய்கள் படகில் ஏறுவதைக் கண்ட மக்கள், மருந்து பகைவருக்குக் கடத்தப்படுகிறது என்று கொதித்தெழுந்தனர். இலவோசியர் நகரமன்றத்துக்குக் கொண்டுபோகப்பட்டு, விளக்கம் கூறி அரிதில் உயிர் தப்பினார். ஐந்தாண்டுகளின் பின், வரிக் குத்தகைக்காரருள் ஒருவராயிருந்தமைக்காக, 1794 மே 8 இல் அவர் கொல்லப்பட்டது வேறு கதை.

பாரிஸ் மக்களின் ஐயம் தவறானதே; அவர்களது கோபத்தின் வேர் தவறானதன்று. சுதந்திரம் கோரி எழுந்த அம்மக்களில் பலர், அந்தப் படகிலிருந்த மருந்து ஆபிரிக்காவில் எவரைச் சங்கிலியிற் பூட்டுவதற்காக ஆக்கப்பட்டது என்று கேட்டிருக்கமாட்டார்கள். 1793 டிசம்பரில் புரட்சி அரசு குடிமக்கள் அனைவரையும் தத்தம் நிலவறை மண்ணைக் கழுவி வெடியுப்பு எடுத்துத் தருமாறு அழைத்தபோது, அவர்கள் மனமுவந்து முன்வந்தனர். முன்னர் அரசனின் ஆட்கள் வந்து தோண்டியபோது வெறுத்த அதே வேலையை, நாடு தமது என்று உணர்ந்தபோது தாமே செய்தனர். உழைப்பின் தன்மை கருவியால் மாறுவதில்லை. அது யாருக்காகச் செய்யப்படுகிறது என்பதனால் மாறுகிறது. நுனியாவுக்கு அந்த வாய்ப்பு அன்று கிடைக்கவில்லை.

கருமருந்தின் காலமும் முடிந்தது. சிலி நாட்டுப் பாலைவனத்தின் சோடிய நைத்திரேற்றும், 1860 களில் வெட்டியெடுக்கத் தொடங்கிய செருமனியின் பொட்டாசிய உப்பும் சேர்ந்து, வெடியுப்பைத் தொழிற்சாலையிலேயே ஆக்க வழிசெய்தன. 1884 இல் பிரெஞ்சு இரசாயனியாளர் வியேய் புகையற்ற மருந்தை ஆக்கினார். பீகார் உப்பின் தேவை சுருங்கியது. நுனியாக்களில் பலர் மண்வெட்டியோடு குளம் வெட்டவும் வீதி போடவும் கூலிவேலைக்குப் போயினர். மண்ணிலிருந்து பேரரசின் பலத்தை வடித்துக் கொடுத்தவர்களுக்கு இறுதியில் மண் சுமப்பதே மிஞ்சியது.

கெட்டுப்போன மருந்தை வீசியெறியாது, அதிலிருந்த உப்பைக் கடைசித் துணிக்கை வரை மீட்டெடுத்த அறிவை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அது மனித அறிவின் சிறந்த வெற்றிகளில் ஒன்றே. சேர்க்கை குலைந்தாலும் பொருள் அழிவதில்லை, அதனை மீட்டுப் புதிதாகச் சேர்க்கலாம் என்ற உண்மையை அது செய்து காட்டியது. நமது குற்றச்சாட்டு வேறு. ஓர் இறாத்தல் உப்பைக்கூட இழக்க மனமில்லாதிருந்த அந்தக் கணக்கேடு, அவ்வுப்பைச் சுரண்டி எடுத்த கைகளுக்கு ஒரு வரியையும் ஒதுக்கவில்லை. கொங்கிறீவின் பெயரும் இலவோசியரின் பெயரும் நூல்களில் உள்ளன; இருக்கவேண்டியவையே. வால்தம் அபேயில் மாண்ட ஒன்பது பேரும், மீமுரேக் குகையிற் பாறை செதுக்கியோரும், சாரண் மாவட்டத்தில் முன்பணம் வாங்கிய நுனியாவும் அவ்வரலாற்றுக்குள் எங்கே இருக்கிறார்கள்?

மருந்து பற்றாத இரவில் பரணின் மேல் அமர்ந்திருந்த வன்னி உழவனுக்கு இவர்களைத் தெரியாது. ஆயினும் அவன் கையிலிருந்த அந்தக் கருந்தூள், இவர்கள் எல்லாரும் தம் உழைப்பால் அறிந்து வைத்த ஒரு கலவை. அடுத்த முறை வரலாற்று நூலொன்றில் ஒரு போரின் வெற்றியைப் படிக்கும்போது, எத்தனை பீரங்கிகள் முழங்கின என்று மட்டும் எண்ணாமல், அவற்றுக்கு உப்பு வடித்தவர் யார் என்றும் கேட்போமாக. நனைந்த மருந்திலிருந்து உப்பைப் பிரித்தெடுக்க முடியுமாயின், மறக்கப்பட்ட ஏடுகளிலிருந்து மனிதரை மீட்டெடுப்பதும் முடியாத காரியமன்று.